பைபாஸ் ரோட்டுல புதுசா திறந்த சூப்பர் மார்க்கெட்: உள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்

பாளைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 9:40

நம்ம நெல்லை குரூப்ல ஒரு வாரமா "பைபாஸ் கடைக்குப் போனியா, போனியா"ன்னு ஒரே கேள்வி. இன்னைக்கு ஆச்சியையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேன். கடைப் பேரு போடல, போர்டு பாத்தவங்களுக்குத் தெரியும். டவுன்ல இருக்கிற அதே கம்பெனியோட பழைய கிளையை மனசுல வச்சுக்கிட்டுப் போனா உள்ள முழிக்கத்தான் செய்யணும். அங்க சோப்பு எங்க இருந்துச்சு, பருப்பு எங்க இருந்துச்சுங்கிற ஞாபகம் எதுவும் இங்க செல்லாது.

கண்ணாடிக் கதவைத் தாண்டினதும் பத்தடிக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் தரை. டவுன் கிளைல கதவைத் தொறந்ததும் பிஸ்கட் பெட்டி கால்ல இடிக்கும்லா, அது இங்க கிடையாது. அந்தத் தரையைத் தாண்டினா காய்கறி. கீரைக்கு மேல ஒரு குழாய் ஓடுது, அப்பப்ப புஸ்ஸுன்னு பனி மாதிரி தண்ணி தூவுது. ஆச்சி கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மகாராஜ நகர் உழவர் சந்தைல கையால தெளிப்பாக, இங்க குழாய் தெளிக்கு, அம்புட்டுதான்"னாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அலமாரி உயரம். என் நெஞ்சு வரைக்கும்தான் வருது. இந்தக் கோடில நின்னா அந்தக் கோடில நிக்கிற ஆளு தலை தெரியும். ரெண்டு ட்ராலி எதிரெதிரே வந்தாலும் உரசாம போகலாம். ஆச்சி கைத்தடியைத் தூக்கி ட்ராலிக்குள்ள போட்டுட்டு, ட்ராலியையே பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. வீட்டுல அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடக்கவே முனகுற மனுசி!

சரி, குறை. தலைக்கு மேல தொங்குற பலகையெல்லாம் இங்கிலீஷு. தமிழ் இருக்கு, ஆனா கீழ எறும்பு மாதிரி. ஒரு பலகைல "ஸ்டேப்பிள்ஸ்"னு போட்டிருந்துச்சு, அரிசி பருப்பு மாதிரி அன்றாடச் சாமானுக்கு இங்கிலீஷ் பேராம். பக்கத்துல நின்ன ஒரு அண்ணாச்சி பேத்திக்கு ஸ்டேப்ளர் பின் வாங்க அந்த வரிசைக்குள்ள போயி, துவரம்பருப்பையும் பச்சைப்பயறையும் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு.

தொலி உளுந்து, அதான் தோல் எடுக்காத கருப்பு உளுந்து தேடுனோம். உளுந்தஞ்சோறுக்கு வேணும். பருப்பு வரிசைல வெள்ளை உளுந்து மட்டும்தான். கேட்டா, "சிறுதானியம், ஆர்கானிக் பக்கம் இருக்கும் சார்"னு ஒரு பிள்ளை சொல்லிச்சு. அங்க கால் கிலோ பாக்கெட்ல, இலைப் படம் போட்டு, விலையும் ஏத்தி வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல கருப்பு உளுந்து எப்ப பத்திய உணவாச்சுன்னு தெரியல.

பால் எங்கன்னு பாத்தா கடைசிச் சுவரு. வாங்கப் போனது ஆவின் பச்சை பாக்கெட் ஒண்ணும் தோசை மாவும். உள்ள போயி வெளிய வர நாப்பது நிமிசம், பில்லு 1,340 ரூபா. வீட்டுக்கு வந்து பிரிச்சா மாவு வாங்கல.

---

மேலப்பாளையம்_பாய்
சனி, இரவு 9:52

மாவு வாங்கல 😂

---

தாமிரபரணித்_தண்ணி
சனி, இரவு 10:05

பால் கடைசில இருக்கிறது தற்செயல் இல்லைங்க. எல்லாரும் தினமும் வாங்குற சாமானைக் கடைசில வச்சா, போற வழில நாலு சாமான் கண்ணுல படும், ரெண்டு கூடைல விழும். உள்ள வந்ததும் இருந்த வெறும் தரையும் அப்படித்தான். வெயில்ல இருந்து வர்ற மனுசனுக்குக் கண்ணு பழகணும், கால் வேகம் குறையணும். அதுக்கு முன்னாடி எதை வச்சாலும் யாரும் பாக்க மாட்டாங்க. கண் மட்டத்துல லாபம் கூடுன பிராண்ட், முழங்கால் மட்டத்துல மலிவு சரக்கு, பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல சாக்லேட். பில் போடுற இடத்துல போயி நின்னு பாருங்க.

---

குளிர்_பெட்டி
சனி, இரவு 10:31

எல்லாத்தையும் சூழ்ச்சின்னு சொல்லிட்டா சுலபம். நான் குளிர்பதன வேலைல பதினோரு வருஷம் இருக்கேன். இந்த மாதிரி கடைகள்ல பால், தயிர் வைக்கிற கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குப் பின்னாடியே குளிர் அறை இருக்கும். சரக்கைப் பின்னாடி நின்னு தள்ளுவாங்க, பழைய பாக்கெட் முன்னால நகரும், புதுசு பின்னால போகும். லாரி இறக்குற வாசலும் கடைக்குப் பின்னாலதான். பாலைக் கடை வாசல்ல வைக்கணும்னா லாரில இருந்து இறக்கி முழுக் கடையையும் தாண்டித் தள்ளிக்கிட்டு வரணும், நம்ம ஊரு ஏப்ரல் மாசத்துல. அதுவரைக்கும் பால் பாலாவே இருக்குமா?

கடைக்காரனுக்கு அதுல ஒரு லாபமும் உண்டு, இல்லேங்கல. ரெண்டும் ஒரே சுவர்ல வந்து பொருந்திக்கிச்சு.

---

தாமிரபரணித்_தண்ணி
சனி, இரவு 10:38

சரி ஒத்துக்கிடுதேன். சாக்லேட்டுக்கும் பின்னால குளிர் அறை இருக்கோ?

---

குளிர்_பெட்டி
சனி, இரவு 10:40

அது சூழ்ச்சிதான் 🙂

---

பழைய_மெட்ராஸ்
ஞாயிறு, காலை 7:15

இதெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல பழைய வித்தை. 1916 செப்டம்பர்ல அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர் "பிக்லி விக்லி"ன்னு ஒரு கடை திறந்தார். அதுவரைக்கும் அங்கயும் நம்ம பலசரக்குக் கடை மாதிரிதான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் நிப்பான், சீட்டைக் குடுத்தா எடுத்துக் குடுப்பான். இவர் வாடிக்கையாளரைச் சுழல் கதவு வழியா உள்ள விட்டு, எல்லா அலமாரியையும் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு போற ஒரே பாதைல நடக்க வச்சு, கடைசில காசு வாங்குனார். பாதில வெளிய வர வழி கிடையாது. அந்தப் பாதைக்கே 1917-ல காப்புரிமை வாங்கிட்டார். கடைப் பொருளுக்கு இல்ல, கடைக்குள்ள மனுசன் நடக்குற வழிக்கு!

ட்ராலி வந்தது 1937-ல, ஓக்லஹோமால. சில்வன் கோல்ட்மேன்னு ஒரு கடை முதலாளி மடக்கு நாற்காலியைப் பாத்துச் செஞ்சது. முதல்ல யாரும் தொடல. அப்புறம் ஆட்களைக் கூலிக்குப் பிடிச்சு, சாமான் வாங்குற மாதிரி கடைக்குள்ள தள்ளிக்கிட்டுப் போக வச்சார். ஆச்சி கைத்தடியை உள்ள போட்டதைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.

எங்க சென்னைல திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் 1904-லயே வந்தாச்சு, ஆனா எனக்குத் தெரிஞ்ச காலத்துலயும் ரொம்ப நாள் கவுண்டர் கடைதான். 1996-ல ஃபுட்வேர்ல்ட் சூப்பர் மார்க்கெட் திறந்தப்பதான் கூடையைக் கையில பிடிச்சுக்கிட்டு நாங்களே எடுத்தோம். பாக்கெட்டைப் பிரிச்சுப் பாத்தா திட்டுவாங்களோன்னு பயந்த பயம் இன்னும் நினைவு இருக்கு.

---

அண்ணாச்சி_மகன்
ஞாயிறு, காலை 8:20

எங்க அப்பா ஜங்ஷன் பக்கம் பலசரக்குக் கடை வச்சிருந்தாக. நான் பன்னெண்டு வயசுல இருந்து பொட்டலம் மடிச்சவன். லேஅவுட், லேஅவுட்னு இவ்வளவு பேசுதீகளே, எங்க கடையிலயும் அது இருந்துச்சு. ஆனா அது வாங்க வர்றவங்களுக்காகப் போட்டது இல்ல, எங்களுக்காகப் போட்டது.

அப்பா உக்காந்த இடத்துல இருந்து வலது கைக்குச் சீனி, இடது கைக்குத் துவரம்பருப்பு, முதுகுக்குப் பின்னால உப்பு மூட்டை. தராசு நடுவுல. எழுந்திருக்காம அம்பது பேருக்கு நிறுத்துப் போட முடியும். கடுகு, சீரகம், வெந்தயம் தலைக்கு மேல டப்பால வரிசையா, டப்பா மேல எழுத்து கிடையாது. தப்பான டப்பாவை எடுத்தேன்னா மண்டைல ஒரு கொட்டு. பெருங்காயமும் ஏலக்காயும் கல்லாவுக்குள்ள, ஏன்னா அது களவு போகும். கருப்பட்டி மட்டும் வாசல்ல ஓலைப் பெட்டில. மணம் தெருவுக்குப் போகணும்லா. இப்ப காய்கறியை முன்னால வைக்கிறாகல்லா, அதேதான்.

சிட்டை எழுதிக் குடுத்துட்டு வீட்டம்மா திண்ணைல உக்காந்திருப்பாக. நடந்தது நாங்க. அம்பது கிலோ மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவுல ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்திருப்பேன். பாளைக்காரன் அண்ணன் நாப்பது நிமிசம் நடந்தேன்னு எழுதுனதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்துச்சு. அந்த நடைக்கு அப்ப எனக்குச் சம்பளம், சாயங்காலம் ஒரு கடலை மிட்டாயி.

---

பாளைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, காலை 8:44

அண்ணாச்சி, இதை நீங்க தனி இழையாவே போட்டிருக்கலாம். எனக்கு நேத்து கடலை மிட்டாயிகூட யாரும் குடுக்கல.

---

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 10:10

லேஅவுட்டை விடுங்க, நான் பாத்தது விலைச்சீட்டை. பாக்கெட்டுல எம்.ஆர்.பி.க்குப் பக்கத்துல பொடி எழுத்துல இன்னொரு எண் இருக்கும், அலகு விலை. எடையளவு விதில கொண்டு வந்தது. ஒரு கிலோவுக்குக் கீழ இருந்தா கிராமுக்கு எவ்வளவுன்னும், மேல இருந்தா கிலோவுக்கு எவ்வளவுன்னும் போடணும். ரூபால ரெண்டு தசம இடம் வரைக்கும்.

நல்ல விதிதான். ஆனா நேத்து சோப்புத்தூள் வரிசைல நின்னு பாத்தேன். அரை கிலோ பாக்கெட் 68 ரூபா, அலகு விலை கிராமுக்கு 0.14. ரெண்டு கிலோ பாக்கெட் 282 ரூபா, கிலோவுக்கு 141. சீட்டைப் பாத்தா 140-ம் 141-ம், ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும். உண்மைல 68-ஐ 500-ஆல வகுத்தா 0.136. அதை 0.14-ன்னு ஏத்தி முடிச்சதுல கிலோவுக்கு நாலு ரூபா ஒளிஞ்சுக்கிச்சு. சின்ன பாக்கெட் நாலு வாங்கினா 272, பெரிசு ஒண்ணு வாங்கினா 282. பெரிசு வாங்கினா மலிவுன்னு நினைச்சு வாங்குறவங்கதான் முக்கால்வாசி. அந்தப் பெரிய பாக்கெட்டைத்தான் வரிசையோட முனைல கோபுரம் மாதிரி அடுக்கி வச்சிருக்காங்க.

கிராம்ல ஒண்ணு கிலோல ஒண்ணுன்னு இல்லாம ரெண்டையும் கிலோவுலயே போட்டா என்ன குடி முழுகிப் போகுது?

---

மேலப்பாளையம்_பாய்
ஞாயிறு, காலை 10:25

கணக்குப்பிள்ளை அண்ணே, கடைக்குள்ள கால்குலேட்டரோட நிக்கிற மனுசன் நீங்கதானா. நான் திருடனைப் பிடிக்க வந்த ஆபீசர்னு நினைச்சேன்.

ஒரு சந்தேகம். அரிசி மூட்டை எல்லாம் 26 கிலோவா அடுக்கியிருக்காங்களே, அது என்ன கணக்கு? சின்ன வயசுல 25 தானே.

---

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 10:41

2022 ஜூலை 18-ல இருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டுன அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., 25 கிலோ வரைக்கும். 26 கிலோ கட்டுனா வரி வராது. ஆலைக்காரங்க ஒரு கிலோவைக் கூட்டிட்டாங்க. மூட்டையைத் தூக்குறவன் தோளுக்குத்தான் அந்த ஒரு கிலோ.

---

நெல்லை_நிலா
ஞாயிறு, மதியம் 1:30

நானும் போனேன். காய் நிறுக்கிற மெஷினை நாமளே அமுக்கணும், எனக்கு அது சங்கடம். கத்தரிக்கா படத்தை அமுக்கிட்டு முருங்கைக்காயை வச்சுட்டேன். ஸ்டிக்கர் வேற ஒட்டிட்டேன். பில்லிங்ல அந்தப் பிள்ளை பாத்துச் சிரிச்சுட்டு மாத்திக் குடுத்துச்சு.

அப்புறம் அந்த போன் நம்பர் கேக்குறது. பால் வாங்க எதுக்குய்யா என் நம்பர்? நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு வற்புறுத்தக் கூடாதுன்னு 2023-லயே மத்திய நுகர்வோர் துறை சொல்லியாச்சு. "வேண்டாம்மா"ன்னு சொன்னேன், உடனே விட்டுட்டாங்க. சொல்லிப் பாருங்க.

பையைப் பத்தி யாரும் பேசலையே? துணிப்பை 15 ரூபா, அதுலயும் அவங்க கடைப் பேரைப் பெருசா அச்சடிச்சு. அவங்க விளம்பரத்தை நான் காசு குடுத்துச் சுமக்கணும். அடுத்த தடவை வீட்டு மஞ்சப்பையோட போறதா இருக்கேன்.

---

பில்லிங்_அக்கா
ஞாயிறு, இரவு 11:05

இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். எந்தக் கடைன்னு கேக்காதீக.

அலமாரி உயரத்தைக் குறைச்சது வாங்க வர்றவங்களுக்கு நல்லதுன்னு பாளைக்காரன் தம்பி எழுதிருக்காரு. உண்மைதான். ஆனா முன்னாடி உயர அலமாரிக்குப் பின்னால ரெண்டு நிமிசம் சாய்ஞ்சு நிக்கலாம். இப்ப கோடிக்குக் கோடி தலை தெரியுது, எங்க தலையும்தான். சூப்பர்வைசர் நின்ன இடத்துல இருந்தே எண்ணிடுவாரு.

1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்துல 2021-ல 22-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, வேலை செய்ற எல்லாருக்கும் உக்கார வசதி குடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல கொண்டு வந்தாங்க. பில்லிங்ல ஸ்டூல் இருக்கு. போய்ப் பாருங்க, ஸ்டூலுக்கு மேல கேரி பேக் கட்டு இருக்கும். உக்காந்தா ஸ்கேனர் எட்டாது, மேஜை உயரம் அப்படி. அலமாரி வரிசைல நின்னு வேலை பாக்குற பிள்ளைகளுக்கு அதுவும் இல்ல. புது டிசைன்ல வெளக்கு மாத்துனாங்க, தரை மாத்துனாங்க, ட்ராலி மாத்துனாங்க. ஒரு ஸ்டூல் போட இடம் யாரும் வரையல.

இன்னொண்ணு. பால் மட்டும் வேணும்னா முன்வாசல் வழியா போயி சுத்தாதீக. பில்லிங் ஒண்ணாம் கவுண்டருக்கு இடது பக்கம், பூஜைச் சாமான் அலமாரிக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு ஆள் போற இடைவெளி இருக்கு. நேரா போனா முட்டை, அடுத்தது மாவு, அடுத்தது பால். செக்யூரிட்டி அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

---

அண்ணாச்சி_மகன்
திங்கள், காலை 6:50

தங்கச்சி, எங்க அப்பாவுக்கு மூட்டை மேல ஒரு சாக்கு விரிச்சிருக்கும், அதுல உக்காந்துதான் வியாபாரம். உங்களுக்கு அதுகூட இல்லேங்கிறது வருத்தமா இருக்கு.

---

குளிர்_பெட்டி
திங்கள், காலை 9:12

மேஜை உயரம் சொன்னது சரி. நம்ம ஊர்ல பில்லிங் மேஜை எல்லாம் நிக்கிற ஆளுக்குன்னே செய்றாங்க. சில வெளிநாடுகள்ல காசாளர் உக்காந்துதான் ஸ்கேன் பண்ணுவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி மேஜை தாழ்வா இருக்கும், சாமான் பெல்ட்ல தானா நகர்ந்து வரும். செய்ய முடியாத காரியம் ஒண்ணும் இல்ல.

---

பாளைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
செவ்வாய், இரவு 8:35

அக்கா சொன்ன வழில போனேன். பூஜைச் சாமானுக்கும் தூணுக்கும் நடுவுல, கற்பூர வாசனைக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. பால் ஒண்ணு, மாவு ஒண்ணு. பில்லு வாங்கி வெளிய வர நாலு நிமிசம். ஆச்சிகிட்ட சொன்னேன், "அப்ப நான் எதுக்கு நடந்தேன்"னு கேட்டாங்க. ஆனா அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க, ட்ராலி தள்ளணுமாம்.

ஸ்டூலைப் பாத்தேன் அக்கா. மூணு கவுண்டர்ல ரெண்டுல பை கட்டு இருந்துச்சு, ஒண்ணுல தண்ணி பாட்டிலு.

---

நெல்லை_நிலா
வியாழன், மாலை 6:20

அந்த வழியா போகலாம்னு இன்னைக்குப் போனேன். பூஜைச் சாமான் பக்கத்துல இடைவெளியைக் காணோம். அந்த இடம் முழுக்க ஆளுயரத்துக்குக் குளிர்பானக் கட்டு அடுக்கி, "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்"னு அட்டை வச்சிருக்காங்க. யாரோ இந்த இழையைப் படிச்சுட்டாங்க போல!

---

பில்லிங்_அக்கா
வியாழன், இரவு 11:20

படிச்செல்லாம் இல்ல, கோடை ஆஃபர். அடுக்கச் சொன்னது ஆபீஸ்ல இருந்து. அடுக்குனது நானும் இன்னொரு பிள்ளையும், மொத்தம் அறுபது கட்டு. முட்டைக்குப் பின்பக்கம், தரை துடைக்கிற சாமான் வரிசைக்குள்ள பூந்து வாங்க, அங்க இன்னும் அடைக்கல.